முன்னால் போனவன் வாங்கிய காற்று

பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் பேரன் சைக்கிள் பந்தயத்துக்குப் போய்விட்டு வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இந்த வருஷத்தின் முதல் பந்தயம். அவனுக்கு வாழ்க்கையிலேயே முதல் பந்தயம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி வடக்கே போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் நாற்பது கிலோமீட்டர். இரவல் வாங்கிய கியர் சைக்கிள். பத்து மணிக்கு வீட்டுக்குள் வந்தவன் ஹெல்மெட்டைச் சோபாவில் எறிந்துவிட்டு, "தாத்தா, என்னை நல்லா ஏமாத்திட்டாங்க" என்றான்.

நடந்தது இதுதான். புறப்பட்டதிலிருந்து இவன்தான் முன்னால். எதிரே வாடைக்காற்று. இவனுக்குப் பின்னால் ஐந்து பேர் ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நாம்தான் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போகிறோம் என்று பயலுக்குப் பெருமை வேறு. திரும்பும் இடம் வந்ததும் ஐந்து பேரும் எழுந்து நின்று மிதித்து ஓடிவிட்டார்கள். இவனுக்குக் காலில் ஒன்றும் மிச்சமில்லை. ஆறாவதாக வந்தான். பயிற்சி கொடுக்கும் அண்ணனிடம் முறையிட்டதற்கு, "அதுதாம்பா ஸ்போர்ட்ஸு, ரூல்ல இருக்கு" என்று பதில். என் மருமகளோ, "அடுத்தவன் உழைப்புல குளிர் காயறது என்ன ஸ்போர்ட்ஸு?" என்கிறாள். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வயதானவர் ஏதாவது நியாயம் சொல்லுவார் என்று.

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. அந்த ஐந்து பேர் செய்ததை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நானும் செய்திருக்கிறேன். அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன்.

என் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது தெரியும். எங்களுக்கு ஒரு முசே இருந்தார். அவருக்குக் கப்பலில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் வரும், வாரக்கணக்கில் தாமதமாக. ஜூலையில் நடந்த தூர் த பிரான்ஸ் எங்களுக்கு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நடக்கும். 1964-இல் ஆங்க்தீலும் பூலிதோரும் பியூய் த தோம் மலையில் தோளோடு தோள் உரச ஏறிய படத்தை அவர் வகுப்பில் எல்லாருக்கும் காட்டினார். அந்த வருஷம் ஆங்க்தீல் ஐம்பத்தைந்து விநாடி வித்தியாசத்தில் வென்றார். அது அவருக்கு ஐந்தாவது வெற்றி. முசே ஆங்க்தீல் கட்சி. நாங்கள் எல்லாரும் பூலிதோர் கட்சி. தோற்றுக்கொண்டே இருந்த மனிதர், தூர் போட்டியில் ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை போடாதவர், அவர் மேல்தான் பிள்ளைகளுக்குப் பாசம். அதே பூலிதோர் முப்பத்தைந்து வயதில், 1972 மார்ச்சில், வருஷத்தின் முதல் பெரிய பந்தயங்களில் ஒன்றான பாரீஸ்–நீஸில் மெர்க்ஸையே ஆறு விநாடியில் முந்தினார் என்று அலியான்ஸ் வாசகசாலையில் படித்தபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாசகசாலை என்பதையும் மறந்து கை தட்டினேன்.

அந்த முசேதான் ஒரு நாள் கரும்பலகையில் வரிசையாகச் சைக்கிள்களை வரைந்து, முன்னால் போகிறவன் காற்றை உடைத்து வழி விடுகிறான், பின்னால் ஒட்டி வருகிறவன் அந்த வழியில் நுழைந்து வருகிறான் என்று விளக்கினார். ஓட்டுபவனுக்கு வேகத்தில் பெரிய எதிரி சாலை அல்ல, காற்று. வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகும். நீங்கள் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே பதினைந்து கிலோமீட்டரில் காற்று அடிக்கிறது என்றால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் நாற்பதில் போகிறீர்கள். முன் சக்கரத்தை அவன் பின் சக்கரத்துக்கு ஒரு முழம், இரண்டு முழம் தள்ளி வைத்துக்கொண்டால் உங்கள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சம். அதனால்தான் பழகியவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள். கொஞ்ச தூரம் நீ, கொஞ்ச தூரம் நான். பிரெஞ்சில் அதற்கு 'ரெலே' என்று பெயர். தன் முறை வரும்போது முன்னால் வராமல் கடைசிவரை ஒண்டிக்கொண்டே வருகிறவனுக்கும் ஒரு பெயர் உண்டு: 'சூஸேர் த ரூ', சக்கரம் சப்புகிறவன். வகுப்பே சிரித்தது. ஒரு வாரம் ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம்.

இப்போது 1973-க்கு வருகிறேன். பிப்ரவரி, ஒரு ஞாயிறு. ஒரு இளைஞர் மன்றம் நடத்திய பந்தயம். காந்தி சிலையிலிருந்து புறப்பட்டு, கடலூர் சாலையில் முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் பாலம், சுண்ணாம்பாற்றுப் பாலம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் போய்த் திரும்ப வேண்டும். போக வர ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். முதல் பரிசு ஒரு புதுச் சைக்கிள். இரண்டாம் பரிசு எவர்சில்வர் குடம். மூன்றாம் பரிசு என்னவென்று மறந்துவிட்டது.

எனக்கு இருபத்திரண்டு வயது, எழுத்தர் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். அப்பாவின் பழைய ராலே சைக்கிள் என்னிடம் இருந்தது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், டைனமோ எல்லாவற்றையும் கழற்றி வீட்டுத் திண்ணையில் அடுக்கிவிட்டேன். ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிக்கொண்டேன், பத்திரிகைப் படத்தில் பார்த்தபடி. தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் பதினெட்டுப் பல் ஃப்ரீவீலை எடுத்துவிட்டுப் பதினாறு பல் போட்டேன். இது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். பாலத்து ஏற்றத்தில் முழங்கால் கழன்றுவிடும் போல இருந்தது.

என் அத்தை மகன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், அவரும் கலந்துகொண்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆலையில் சேர்ந்தவர். அரியாங்குப்பத்திலிருந்து ஆலைக்குத் தினமும் நடைதான். அவருக்குச் சொந்தச் சைக்கிள் கிடையாது. வாடகைச் சைக்கிள் கடைக்காரர், "ஜெயிச்சா வாடகை குடு, தோத்தா சும்மா கொண்டாந்து விடு" என்று ஒரு ஹெர்குலிஸைக் கொடுத்தார். அதில் கேரியரைக்கூடக் கழற்றவில்லை, கடைக்காரர் சொத்து ஆயிற்றே. முந்திய நாள் இரண்டாம் ஷிப்ட்டில் நின்றுவிட்டு நடுராத்திரிக்கு மேல் படுத்து, ஐந்தரை மணிக்கெல்லாம் கடற்கரையில் நின்றார். கால்கள் இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். பலத்தில் எங்கள் யாருக்கும் அவர் அருகில் நிற்க முடியாது.

இருபத்தாறு பேர் புறப்பட்டோம். தெற்கே போகும்போது வாடை முதுகில் தள்ளியது. எல்லாரும் சூரர்கள். தவளக்குப்பம் தாண்டி அறுவடைக் காலம் தன் வேலையைக் காட்டியது. சாலை நெடுகக் கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள், லாரியும் பஸ்ஸும் ஏறிப் போனால் நெல் உதிருமே, அதற்காக. முன்னால் போன இரண்டு பேருக்கு வைக்கோல் செயினில் சுற்றிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நானும் மச்சானும் சாலை ஓரத்து மண்ணில் இறங்கித் தப்பித்தோம். கிருமாம்பாக்கத்தில் மணிக்கட்டில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டார்கள், திரும்பினதற்குச் சாட்சி. நாடா கட்டும்போது எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை.

திரும்பினால் காற்று முகத்தில். கண்ணைத் திறக்க முடியவில்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு மிதிக்க ஆரம்பித்தார். நான் என் முன் சக்கரத்தை அவர் கேரியருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். கதவைச் சாத்தியது போல் காற்று நின்றது. முசே சொன்னது அத்தனையும் உண்மை.

சுண்ணாம்பாற்றுப் பாலம் வரை அப்படியே வந்தேன். மச்சான் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார். நான் களைத்துப்போய்த் தொங்கிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். "வா மாப்ளே, வா, விட்டுடாதே, இன்னும் கொஞ்சந்தான்" என்று கத்தினார். பாலத்து ஏற்றத்தில் நான் நிஜமாகவே பின்தங்கியபோது, தன் வேகத்தைக் குறைத்து நான் ஒட்டிக்கொள்ளும்வரை காத்திருந்தார். அதை நான் மறுபடி எழுதுகிறேன்: காத்திருந்தார். அங்கே விட்டுவிட்டுப் போயிருந்தால் சைக்கிள் அவருடையது. ஆனால் மாமா மகனைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவதாவது!

முதலியார்பேட்டைக்குள் நுழைந்ததும் வீடுகள் காற்றை மறைத்தன. கடற்கரைச் சாலையில் திரும்பி, காந்தி சிலை கண்ணுக்குத் தெரிந்ததும் நான் வெளியே வந்து எழுந்து மிதித்தேன். இரண்டு சைக்கிள் நீள வித்தியாசத்தில் முதலாவது வந்தேன்.

மச்சானுக்கு மூச்சு வாங்கியது. கிழே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீ பின்னால வர்றேங்கிற தைரியத்துலதான் மாப்ளே நான் மிதிச்சேன்" என்றார். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, வாடகைச் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு, அரியாங்குப்பத்துக்கு நடந்து போனார்.

என்னிடம் ஏற்கனவே ஒரு சைக்கிள் இருந்ததே. புதியதை ஒரு மாதத்தில் விற்று எச்.எம்.டி. கைக்கடிகாரம் வாங்கினேன். மச்சானுக்குக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நியாயமாக ஜெயித்தோம், நம் பொருள், விற்கிறோம் என்றுதான் நினைத்தேன். மச்சான் இன்னும் ஒன்றரை வருஷம் ஆலைக்கு நடந்து போனார்.

1991-இல் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். முதல் நாள் இரவு கொல்லைப் பக்கத்தில் காய் நறுக்குகிற இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பழைய கதை கிளம்பியது. சிரிக்கவைக்கும் எண்ணத்தில்தான் அவரிடம் அந்தச் சூட்சுமத்தைச் சொன்னேன், முசே படம் வரைந்தது உட்பட. அவரும் முதலில் சிரித்தார். பிறகு கையில் இருந்த பூசணிக்கீற்றைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் வா மாப்ளேன்னு கூப்பிட்டப்ப நீ உள்ளுக்குள்ள சிரிச்சியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். உண்மைதான், நான் சிரிக்கவில்லை. ஆனால் வேறு என்ன செய்தேன் என்பதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாறி மாறி மிதிச்சிருக்கலாமே" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

பேரன் விஷயத்தில் என் கருத்துக்கு இதுதான் அடிப்படை. மருமகள் சொல்வதுபோல் பின்னால் ஒண்டி வருவதே ஏமாற்று வேலை என்பதை நான் ஏற்கமாட்டேன். அது அந்த விளையாட்டின் உயிர். அது இல்லாவிட்டால் சைக்கிள் பந்தயம் வெறும் கால் பலப் பரீட்சை. அதற்குச் சாலை எதற்கு, நெல் மூட்டை தூக்கச் சொல்லிப் பார்க்கலாம். குளிர்காலத்தில் ஊசுட்டேரிக்கு வரும் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். அம்பு வடிவில் பறந்து வரும் பறவைகள் சிலவற்றில் முன்னால் பறப்பதை முறை மாற்றிக்கொள்வது உண்டு என்று படித்திருக்கிறேன். ஒண்டுவதும் உண்டு, முறை எடுப்பதும் உண்டு.

ஆனால் பயிற்சியாளர் சொல்வதுபோல் விதியில் இருக்கிறது, அவ்வளவுதான் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். முப்பத்தைந்து வருஷம் விதிப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன். விதி இருப்பது ஒன்று, அது எதிரே நிற்பவனுக்குத் தெரியும் என்பது வேறொன்று. மனு கொடுக்க வந்த கிழவியிடம் கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று சொல்ல விதியில் இடம் இருக்கிறது. தேதி எப்போது என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்க விதியில் இடம் இல்லை. ஆங்க்தீல் பின்னால் ஒண்டினால் பூலிதோருக்கு அது தெரியும். வேண்டுமானால் அவர் வேகத்தைக் குறைப்பார், ஓரம் ஒதுங்குவார், நீ முன்னால் போ என்பார். என் மச்சானுக்குத் தெரியாது. தெரியாதவன் முதுகில் ஒண்டினதுதான் என் குற்றம், ஒண்டினது அல்ல.

2008-இல் பிரான்சில் குடியேறிய என் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். பிப்ரவரி மாதம், எலும்பு வரை குளிர். பாரீசுக்கு வெளியே ஒரு கிராமத்தில் அமெச்சூர்களுக்கான வருஷத்தின் முதல் பந்தயங்களில் ஒன்று நடந்தது. முதுகில் எண் குத்திக்கொண்ட சாதாரண ஆட்கள், தபால்காரர், பேக்கரிக்காரர் மாதிரி. வயல்களுக்கு நடுவே ஒரு சுற்றுப்பாதையில் திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். ஒருவன் மூன்று சுற்று முன்னால் வராமலே வந்தான். நாலாவது சுற்றில் வேலி ஓரம் நின்ற ஒரு பாட்டி, பின்னலைக் கையில் வைத்துக்கொண்டே, "உன் ரெலேயை எடு!" என்று கத்தினாள். அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன், குளிராகவும் இருக்கலாம். அங்கே பாட்டிக்குத் தெரிந்த விஷயம் இங்கே ஓட்டுகிற பையனுக்கே தெரியவில்லை.

இப்போது நம் ஊரில் குளிர் மாதங்களில் பந்தயங்கள் பெருகிவிட்டன. சந்தோஷம். ஆனால் கலந்துகொள்கிறவர்கள் இரண்டு ஜாதியாக இருக்கிறார்கள். ஒரு பக்கம் லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள், குழுவாகப் பயிற்சி, கைபேசியில் காணொளி பார்த்துக் கற்றவர்கள். இன்னொரு பக்கம் வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துச் சைக்கிளில் வந்து நிற்கும் பிள்ளைகள். நல்ல கால், நல்ல மனசு, தந்திரம் ஒன்றும் தெரியாது. புறப்படும் இடத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிறவர் ஆங்கிலத்தில் ஹெல்மெட், தண்ணீர், ஆம்புலன்ஸ் பற்றிச் சொல்கிறார். ஸ்பான்சர் பெயரை ஏழு தடவை சொல்கிறார், என் பேரன் எண்ணியிருக்கிறான். காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. பந்தயம் தொடங்கும் முன் இரண்டே நிமிஷம், தமிழில், ஒண்டுவது என்றால் என்ன, முறை எடுப்பது என்றால் என்ன, முன்னால் இருப்பவன் எப்படி ஒதுங்கி முறை கேட்கலாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரணச் சைக்கிளுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். வருஷத்தின் முதல் பந்தயத்தையாவது புதியவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக, ஒரு நிமிஷ இடைவெளியில் அனுப்பி நேரம் பார்க்கும் பந்தயமாக நடத்தலாம். அதில் ஒண்டக் கூடாது என்பதே விதி. ஆங்க்தீல் ராஜாவாக இருந்தது அந்த வகையில்தான். அவரவர் காற்றை அவரவர் வாங்கட்டும்.

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பந்தயத்தில் சுவை போய்விடும், தந்திரமும் திறமைதானே என்று ஒரு நண்பர் தொலைபேசியில் வாதாடினார். தந்திரம் திறமைதான். இருவர் கையிலும் சீட்டு இருக்கும்போது.

பேரனிடம் கடைசியில் என் 1973 கதையைச் சொன்னேன். அவன் ஏமாற்றத்தை மறந்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் புதிதாகப் பார்த்தான். "வாட்ச் இன்னும் இருக்கா தாத்தா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது. ஓடவில்லை.

மச்சானுக்கு இப்போது எழுபத்தாறு. முழங்கால் வலி, ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் காலையில் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுவார், வண்டிகள் விடுவதற்கு முன்னால் ஒரு நடை. பந்தயம் நடத்துகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக அரைப் பக்க நோட்டீஸ் ஒன்று எழுதி, போன வியாழக்கிழமை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து, முழுவதையும் படித்தார். 'காற்றுத்தடை' என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது புரியாது மாப்ளே. எதிர்காத்துன்னு போடு."

மாற்றிவிட்டேன். அடுத்த பந்தயம் மாசியில்.